டயட், வாக்கிங், ஜிம்... எடையைக் குறைக்கும்போது குழந்தையின் உடலுக்குள் என்ன நடக்கிறது?

கோடை விடுமுறை விட்டதும் பல வீடுகளில் ஒரு வேலை தொடங்கிவிடும். "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள இவன் வெயிட்டைக் குறைச்சுடணும்." காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி 2 சப்பாத்தி, சாயங்காலம் மொட்டை மாடியில் 50 ரவுண்டு. வாட்ஸ்அப்பில் வந்த டயட் சார்ட் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். அது 40 வயசு ஆளுக்காகப் போட்ட சார்ட் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

பெற்றோரின் கவலை நியாயமானதுதான். யுனிசெஃப் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் 5 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில் உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். பருமன் முந்திக்கொண்டது இதுவே முதல்முறை. இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில் 2.1 சதவீதமாக இருந்தனர். 2019-21 ஆய்வில் இது 3.4 சதவீதமானது. சதவீதம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் 5 வயசுக்குள்ளேயே இப்படி என்பதுதான் விஷயம்.

ஆக, எடையைக் கவனிக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எப்படிக் குறைப்பது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பெரியவரின் உடலும் குழந்தையின் உடலும் பட்டினியை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

குழந்தையின் உடல் எங்கே செலவு செய்கிறது?

40 வயதுக்காரர் சாப்பிடும் சாப்பாடு, அவர் உடலை இருக்கிறபடியே வைத்திருக்கவும், அன்றாட வேலைக்கும் போகும். குழந்தைக்கு அதற்கு மேல் ஒரு கட்டட வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. எலும்பு நீள வேண்டும், ரத்தத்தின் அளவு கூட வேண்டும், தசை வளர வேண்டும், மூளை முதிர வேண்டும்.

இதில் மூளைதான் பெரிய செலவாளி. சுமார் 5 வயதில், உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட 3-ல் 2 பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது என்று 2014-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த வயதில் உடல் வளர்ச்சியின் வேகம் மட்டுப்பட்டு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அவர்கள் கருத்து. மூளையின் தேவை குறையக் குறைய உடல் வேகம் பிடிக்கிறது.

இன்னொன்று கொஞ்சம் ஆச்சரியமானது. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிறகு, வளர்வதற்கு என்று மட்டும் தனியாகச் செலவாகும் ஆற்றல் மிகவும் குறைவு. மொத்தத்தில் 1 முதல் 2 சதவீதம்தான். "அப்படின்னா சாப்பாட்டைக் கொஞ்சம் வெட்டினா வளர்ச்சிக்கு என்ன ஆகிடப் போகுது?" என்று தோன்றும். உடல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வரவு குறைந்துவிட்டது என்று தெரிந்ததும், உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளைத்தான் அது முதலில் நிறுத்தும். இதயமும் மூளையும் ஓடியே ஆக வேண்டும். உயரம் வளர்வதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், வயதுக்கு வருவதைத் தள்ளிப்போடலாம் என்பது உடலின் முடிவு. வீட்டில் பணமுடை வந்தால் அரிசி வாங்குவோம், மாடிக் கட்டட வேலையை நிறுத்திவைப்போம் இல்லையா, அதேதான்.

சாப்பாட்டைத் திடீரென வெட்டினால்...

இணையத்தில் சுற்றும் டயட் சார்ட்டுகளில் பெரும்பாலானவை ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்ற கணக்கில் இருக்கும். ஐசிஎம்ஆரும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 10 முதல் 12 வயது வரையிலான பையனுக்கு ஒரு நாள் தேவை 2,220 கலோரி, பெண் பிள்ளைக்கு 2,060 கலோரி. அதாவது அந்த சார்ட் பிள்ளையின் தேவையில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். எடை மெஷினில் ஒன்றிரண்டு கிலோ குறைந்து காட்டும். உண்மையில் குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்ட கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, தன் எடையைப் போல சுமார் 3 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் கிளைகோஜன் தீரும், கூடவே தண்ணீரும் வெளியேறும். ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் திரும்ப வந்துவிடும் எடை அது.

அடுத்து கொழுப்பு கரையத் தொடங்கும், உண்மைதான். ஆனால் புரதமும் சேர்த்துக் குறைந்திருந்தால் தசையும் கூடவே கரையும். இதற்குள் ஹார்மோன்களுக்கு செய்தி போய்விடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் சொல்வதை எலும்பிடம் கொண்டு சேர்ப்பது ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன். பட்டினியில் அதன் அளவு இறங்கிவிடும். தைராய்டின் வேகமும் மட்டுப்படும். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் குறைய, "சேமிப்பு தீருது" என்று மூளை பதறும். பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். பிள்ளை சோர்வாக இருக்கும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழும், எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசும். "வாயைக் கட்ட முடியல" என்று வீட்டில் திட்டு விழுவது இந்தக் கட்டத்தில்தான். வாய் சும்மாதான் இருக்கிறது, தூண்டுவது ஹார்மோன்.

இந்தப் பட்டினி சில நாட்களில் முடிந்து, பழையபடி சாப்பிடத் தொடங்கினால், தடைபட்ட வளர்ச்சியைப் பெரும்பாலும் உடல் ஈடுகட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் நீண்டால் முழுதாக ஈடாகும் என்ற உத்தரவாதம் இல்லை. குறிப்பாக எலும்பு விஷயத்தில். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1999-ல் வெளியானது. பெரியவரான பிறகு எலும்பில் இருக்கும் தாதுச்சத்தில் சுமார் 26 சதவீதம், வேகமாக வளரும் வெறும் 2 வருடத்துக்குள் சேர்கிறது என்று அது காட்டியது. பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு 14 வயதை ஒட்டி அந்த 2 வருடம் வரும். "குண்டாயிட்டே போறா, பாலை நிறுத்து" என்று பல வீடுகளில் சொல்லும் வயதும் கிட்டத்தட்ட அதேதான். 10-12 வயதில் ஒரு நாளைக்கு 850 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், 13-15 வயதில் 1,000. ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். அதை நிறுத்தினால் ராகியோ, கீரையோ, தயிரோ அந்த இடத்தை நிரப்ப வேண்டும். டயட் சார்ட்டில் பெரும்பாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சாப்பாடு குறைந்து, ஓட்டமும் ஆட்டமும் கூடினால் மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். "டயட்ல இருக்கா, அதான்" என்று சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. மாதவிடாய் நிற்கிறது என்றால் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கிறது, எலும்புக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று பொருள். ரத்த சோகையையும் மறக்கக் கூடாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருந்தது. எடை அதிகமாக இருக்கும் பிள்ளைக்கு ரத்தம் குறைவாக இருக்காது என்பது தவறான எண்ணம். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதன்மேல் டயட் என்று இரும்புச்சத்தையும் வெட்டினால், பிள்ளை மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்.

தலைமுடி கொட்டுவது கொஞ்சம் தாமதமாக வரும், 2-3 மாதம் கழித்து. அதற்குள் டயட்டை எல்லாரும் மறந்திருப்பார்கள். ஷாம்பூவை மாற்றுவார்கள். மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகவும் வாய்ப்பு உண்டு, பதின்ம வயதிலும்கூட.

இவ்வளவும் தாங்கி எடை குறைந்தால்கூடப் பரவாயில்லை என்று யாராவது நினைத்தால், அதுவும் நிலைப்பதில்லை. அமெரிக்காவில் 9 முதல் 14 வயது வரையிலான சுமார் 15,000 பிள்ளைகளை 1996-லிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். தானாகவே டயட் இருந்த பிள்ளைகள், டயட்டே இல்லாதவர்களைவிட அடுத்த சில வருடங்களில் அதிக எடை போட்டிருந்தார்கள் என்று 2003-ல் முடிவு வெளியானது. கட்டுப்படுத்திக் கட்டுப்படுத்தி, பிறகு ஒரே மூச்சில் அள்ளிச் சாப்பிடும் பழக்கமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு "அப்போ டயட்டே வேண்டாம், சாப்பிடட்டும்" என்று முடிவெடுத்தால் அதுவும் தப்பு. முறையான மருத்துவ மேற்பார்வையில் உணவு மாற்றம் செய்துகொண்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளை 2019-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் உணவுக் கோளாறு கூடவில்லை, குறைந்திருந்தது. வித்தியாசம், யார் பார்த்துக்கொள்கிறார்கள், எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு கிலோகூட குறையாமல் எடை குறைவது எப்படி?

பெரியவருக்கு இல்லாத ஒரு வசதி குழந்தைக்கு உண்டு. அது வளர்கிறது. இதைப் பயன்படுத்திக்கொண்டால் பாதிப் பிரச்சனை தீர்ந்துவிடும்.

கணக்கு இப்படி. 10 வயதுப் பிள்ளை, உயரம் 140 சென்டிமீட்டர், எடை 45 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பிஎம்ஐ சுமார் 23. ஒரு வருடத்தில் 6 சென்டிமீட்டர் வளர்ந்து 146 ஆகிறது, எடை அதே 45-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ சுமார் 21-க்கு இறங்கிவிடும். மெஷினில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பட்டினி இல்லை, அழுகை இல்லை. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு குறைந்திருக்கும்.

அதனால்தான் பல பிள்ளைகளுக்குக் குழந்தை நல மருத்துவர்கள் வைக்கும் முதல் இலக்கு "குறைக்கணும்" என்று இருக்காது, "ஏறாம பார்த்துக்கங்க" என்றுதான் இருக்கும். பருமன் அதிகமானால், மாதத்துக்கு அரை கிலோ என்ற அளவில் மெதுவாகக் குறைப்பார்கள். அதைவிட வேகம் தேவைப்படும் கடுமையான நிலையும் உண்டு. அது மருத்துவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை. "10 நாளில் 5 கிலோ" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பிள்ளையை விடக் கூடாது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. பெரியவருக்கான பிஎம்ஐ அட்டவணையைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. மேலே சொன்ன 23 என்ற அளவு பெரியவருக்கு எல்லைக்கோடு, 10 வயதுப் பிள்ளைக்கோ மிக அதிகம். 1 வயதுக்குப் பிறகு பிஎம்ஐ இயல்பாகவே இறங்கி, 5-6 வயதில் மிகக் குறைந்து, பிறகுதான் ஏறும். அந்த வயதில் விலா எலும்பு தெரிவது பெரும்பாலும் சாதாரணம். பாட்டிகள் அதைப் பார்த்துவிட்டு "எலும்பும் தோலுமா இருக்கான்" என்று ஊட்டத் தொடங்குவதும், அதனால் அந்த ஏற்றம் 5 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுவதும் நடக்கிறது. டெல்லியில் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2004-ல் வெளியானது. அந்த ஏற்றம் சீக்கிரமே தொடங்கியவர்களுக்குப் பெரியவரான பிறகு சர்க்கரை நோய் அதிகம் வந்திருந்தது. இந்தியக் குழந்தைகளுக்கென்றே இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து அதில்தான் பார்க்க வேண்டும்.

"தைராய்டா இருக்குமோ?" என்ற கேள்வியும் தவறாமல் வரும். அதற்கு உயரத்தைப் பார்த்தாலே ஓரளவு பதில் கிடைக்கும். சாப்பாட்டால் எடை கூடிய பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரத்தோடு, இன்னும் சொன்னால் கூடுதல் உயரத்தோடு இருப்பார்கள். எடை ஏறுகிறது, உயரம் மட்டும் நின்றுவிட்டது என்றால்தான் ஹார்மோன் கோளாறா என்று உடனே பார்க்க வேண்டும்.

ஓடினால் உள்ளே என்ன ஆகும்?

உடற்பயிற்சி விஷயத்தில் பெற்றோர் ஏமாறுவதற்குக் காரணம், எடை மெஷினை மட்டுமே பார்ப்பது. 45 கிலோ உள்ள பிள்ளை அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 100 கலோரி. வரும் வழியில் 300 மில்லி கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்தால் சுமார் 130 கலோரி உள்ளே போய்விடும். கிட்டத்தட்ட 8 டீஸ்பூன் சர்க்கரை. நடந்தது பாக்கெட்டில், குடித்தது இடுப்பில். போதாக்குறைக்கு, காலையில் கடுமையாகப் பயிற்சி செய்த பிள்ளை மீதி நாள் முழுக்க சோபாவில் படுத்துக்கொள்ளும். பசியும் கூடும். அதனால் வெறும் உடற்பயிற்சியால் மட்டும் எடை குறைவது கொஞ்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் மெஷின் காட்டாத இடத்தில் நிறைய நடக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் 7 முதல் 11 வயது வரையிலான, எடை கூடிய 222 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பள்ளி முடிந்ததும் தினமும் 20 நிமிடம், இன்னொரு குழு 40 நிமிடம் ஓடியாடி விளையாடியது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. வாரம் 5 நாள், 13 வாரம். சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை. விளையாடிய பிள்ளைகளிடம் இன்சுலின் எதிர்ப்பு குறைந்திருந்தது, உடல் கொழுப்பும் குறைந்திருந்தது. 40 நிமிடக் குழுவுக்குப் பலன் அதிகம். 2012-ல் வெளியான ஆய்வு இது. வேலை செய்யும் தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிக இன்சுலின் இல்லாமலே இழுத்துக்கொள்ளும் என்பதுதான் இதன் அடிப்படை. கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைவதும், ரத்த அழுத்தம் இறங்குவதும் எடை பெரிதாக மாறாமலே நடக்கக்கூடியவை.

சரி, எந்தப் பயிற்சி? டிரெட்மில்லில் ஏற்றி "30 நிமிஷம் நட" என்றால் பிள்ளைக்கு வேப்பங்காய். அதன் உடல் அப்படி வேலை செய்யும்படி அமையவில்லை. 1995-ல் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை நொடிக்கு நொடி கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் முழு வேகத்தில் ஓடியாடுவது பெரும்பாலும் ஒரு தடவைக்கு 3 நொடிதான். பிறகு நிற்பார்கள், திரும்ப ஓடுவார்கள். களைப்பிலிருந்து அவர்கள் மீள்வதும் பெரியவர்களைவிட வேகம். ஓடிப்பிடித்தல், கபடி, கோ-கோ, நொண்டி, ஸ்கிப்பிங் எல்லாமே இந்தத் தாளத்தில்தான் இருக்கின்றன. தெருவில் விளையாடிய தலைமுறைக்கு யாரும் பயிற்சி அட்டவணை போட்டுத் தரவில்லை.

5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் குறைந்தது 3 நாளாவது மூச்சு வாங்கும் அளவுக்கும், தசையும் எலும்பும் பலப்படும் வகையிலும் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 60 நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டியதில்லை. காலையில் 15, பள்ளியில் 20, சாயங்காலம் 25 என்றாலும் கணக்கு சரிதான்.

"வெயிட் தூக்கினா உயரம் நின்னுடும்" என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, சரியான முறையில், குறைந்த எடையில் செய்தால் பிள்ளைகளும் தசைப் பயிற்சி செய்யலாம். வயதுக்கு வரும் முன்பு தசை பெரிதாகத் தடிக்காது. நரம்புகள் தசையை வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால்தான் பலம் கூடும். எடை கூடிய பிள்ளைகளுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஓட்டத்தில் கடைசியாக வரும் பிள்ளை, பலம் காட்டும் பயிற்சியில் முதலாவதாக வரும். அதற்கும் ஒரு நாள் கைதட்டல் கிடைக்கட்டுமே.

முழங்கால், இடுப்பு வலி என்று சொன்னால் மட்டும் "சும்மா நடிக்கிறான்" என்று விட்டுவிடக் கூடாது. எடை அதிகமுள்ள 10-15 வயதுப் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் மேல்முனை நழுவும் பிரச்சனை வரலாம். வலி இடுப்பில் இல்லாமல் முழங்காலில் தெரிவது அதன் வழக்கம். நொண்டி நடந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை

பின்கழுத்தில், அக்குளில் வெல்வெட் மாதிரி தடித்த கருப்பு. பீர்க்கங்காய் நாரும் பயத்தமாவும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளைக்குத் தோல் எரிந்ததுதான் மிச்சம். அது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். உடல் தேவைக்கு மேல் இன்சுலின் சுரப்பதால் தோலின் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. தேய்ப்பதால் போகாது. சாப்பாடும் விளையாட்டும் சரியாகி, இன்சுலின் இறங்கத் தொடங்கினால் சில மாதங்களில் மங்க ஆரம்பிக்கும். உடல் சரியான பாதையில் போகிறதா என்று பார்க்க, எடை மெஷினைவிட இது சில வேளை நல்ல அளவுகோல். குறட்டை நிற்பது, பகலில் தூங்கி வழியாமல் இருப்பது, மாடிப்படியில் நிற்காமல் ஏறுவது, போன வருட யூனிஃபார்ம் பேண்ட் நீளத்தில் மட்டும் பத்தாமல் போவது இவையும் அப்படித்தான்.

பிள்ளைக்கு மட்டும் டயட், வீட்டுக்கு பரோட்டாவா?

அமெரிக்காவின் லியோனார்ட் எப்ஸ்டைன் குழந்தைப் பருமன் சிகிச்சையில் முக்கியமான பெயர். 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளின் குடும்பங்களை அவர் குழு 10 வருடம் பின்தொடர்ந்தது. 1990-ல் முடிவு வெளியானது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே பழக்கத்தை மாற்றிக்கொண்ட குடும்பங்களில், 10 வருடம் கழித்தும் பிள்ளைகளின் அதிக எடை விகிதம் தொடக்கத்தைவிட 7.5 சதவீதம் குறைந்திருந்தது. அப்படி இலக்கு வைக்காத குழுவில் 14.3 சதவீதம் கூடியிருந்தது. ஒரே பயிற்சி, ஒரே உணவு ஆலோசனை. பெற்றோரும் மாறினார்களா என்பதில்தான் வித்தியாசம். அந்தப் பிள்ளைகளின் உயரமும் பாதிக்கப்படவில்லை.

அவர் பயன்படுத்தியது டிராஃபிக் சிக்னல் முறை. நம்ம ஊர் சாப்பாட்டுக்குப் பொருத்தினால், கீரை, பொரியல், கூட்டு, முழுப் பழம் எல்லாம் பச்சை. தாராளமாகச் சாப்பிடலாம். இட்லி, சாதம், சாம்பார், முட்டை, மீன் குழம்பு, சுண்டல் மஞ்சள். தினமும் உண்டு, அளவு பார்த்துச் சாப்பிட வேண்டும். சிப்ஸ், பரோட்டா, கூல்டிரிங்ஸ், கிரீம் பிஸ்கட் சிவப்பு. சிவப்புக்கு முழுத் தடை கிடையாது, வாரத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணிக்கை மட்டும். தடை போட்டால் பிள்ளை ஒளித்துத் தின்னும், அது எல்லா வீட்டிலும் தெரிந்த கதை.

பாலில் கலக்கும் பவுடர்களும் கவனிக்க வேண்டியவை. அவற்றை 'ஹெல்த் டிரிங்க்ஸ்' என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் எடுக்கும் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, 5 சதவீதம்தான் இருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை சொன்னது. பள்ளிகளில் சர்க்கரை விழிப்புணர்வுப் பலகை வைக்கச் சொன்னது அந்தச் சுற்றறிக்கைதான். கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்ற விதி 2020-லேயே வந்துவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்தால், விதி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வாயில் போவது போலவே வாயில் வருவதும் உடலில் வேலை செய்கிறது. "குண்டு", "பூசணிக்கா", "அரிசி மூட்டை". கிண்டல்தானே என்று நினைப்போம். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் எடையைப் பற்றியே பேசிய பெற்றோரின் வீட்டில், சாப்பாட்டைத் தவிர்ப்பது, வாந்தி எடுப்பது போன்ற தவறான வழிகள் அதிகம் இருந்ததை 2013-ல் மினசோட்டா ஆய்வு காட்டியது. எடையைத் தொடாமல் நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு.

தூக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: 6-12 வயதுக்கு 9 மணி நேரமாவது, 13-18 வயதுக்கு 8 மணி நேரமாவது வேண்டும். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 37 பேரைக் கூடுதலாகத் தூங்க வைத்தபோது, குறைவாகத் தூங்கிய வாரத்தைவிட நாளுக்கு 134 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். யாரும் தட்டைப் பிடுங்கவில்லை. ராத்திரி 11 மணிக்கு செல்போனை வாங்கி வைத்தாலே ஒரு டயட் முடிந்த மாதிரிதான்.

எடை குறைக்கும் ஊசி பற்றியும் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். செமாகுளூட்டைடு ஊசிக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் 12 வயதுக்கு மேற்பட்ட, பருமன் உள்ள பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்தது. உணவு, பயிற்சி மாற்றங்களோடு சேர்த்து, நிபுணர் முடிவெடுத்துத் தர வேண்டிய மருந்து அது. அம்மா போட்டுக்கொண்டதில் மிச்சம் இருந்தது என்று பிள்ளைக்குப் போடுவது ஆபத்து.

பாராட்டுக்குப் பின்னால் ஒரு ஆபத்து

எடை குறையத் தொடங்கியதும் சொந்தக்காரர்கள், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் பாராட்டுவார்கள். சில பிள்ளைகள், குறிப்பாகப் பதின்ம வயதில், அங்கே நிற்பதில்லை. இன்னும் குறைக்க வேண்டும் என்று சாப்பாட்டை ஒளித்து வைப்பது, "ஸ்கூல்லயே சாப்பிட்டேன்" என்று பொய் சொல்வது, ராத்திரி அறையைப் பூட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்வது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போவது என்று தொடங்கும். முன்பு 80 கிலோ இருந்த பிள்ளை சில மாதங்களில் 60 ஆனால், பார்வைக்கு "இப்பத்தான் சரியா இருக்கா" என்று தோன்றும். உள்ளே, பட்டினியில் இருக்கும் ஒல்லியான பிள்ளையின் உடல் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். நாடித்துடிப்பு இறங்கும், ரத்த அழுத்தம் குறையும், உப்புச்சத்து தாறுமாறாகும்.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கை கால் எப்போதும் சில்லென்று இருக்கிறது, மாதவிடாய் வரவில்லை, மயங்கி விழுந்தது, பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும், எடை எவ்வளவாக இருந்தாலும், டயட்டை நிறுத்திவிட்டு அன்றே குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாடி 50-க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்திருந்தாலோ மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

மற்றபடி உணவும் விளையாட்டும் மாறி நன்றாக இருக்கும் பிள்ளையை, தினமும் எடை மெஷினில் ஏற்ற வேண்டியதில்லை. 3 மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் எடையையும் சேர்த்தே அளந்து, வளர்ச்சி அட்டவணையில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டினால் போதும். உயரத்தை அளக்கும்போது செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரை ஒட்டி நிற்க வேண்டும்.